ஆங்கஸா, வேலுச்சாமியா?

அத்தியாயம் 14

போன வாரம் குமாரசாமி டிவி ரிமோட்டைச் சுவரில் எறிந்த இடத்தில் நிறுத்தியிருந்தோம். பேட்டரி இரண்டும் சோபாவுக்கு அடியில் உருண்டு போயின. இந்த வாரம் உருளப்போவது பேட்டரி இல்லை. மனசைக் கொஞ்சம் கெட்டியாக்கிக்கொண்டு படியுங்கள்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக நாலு வார்த்தை. கோபிச்செட்டிபாளையத்துக் குமாரசாமிக்கும் நாகமணிக்கும் ரோஷினி ஒரே மகள். மகளுக்கு டெக்ஸாஸில், சுகர் லேண்டில் சொந்த வீடு, எண்ணெய்க் கம்பெனியில் வேலை; அப்பாவும் அம்மாவும் இப்போது அவளோடுதான். கூட வேலை பார்த்த ரோரியைக் காதலித்துக் கட்டிக்கொண்டாள். ரோரியின் அப்பா ஆங்கஸ், ஸ்காட்லாந்தின் அபர்டீனிலிருந்து எண்ணெய்க் கிணறு தோண்ட ஹூஸ்டனுக்கு வந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். ரோஷினிக்கு ஆண் குழந்தை பிறந்து இன்றோடு பதினோரு நாள். இன்னும் பெயர் இல்லை. ஹாஸ்பிடல் காகிதத்தில் வெறும் 'பேபி பாய்'.

பெயருக்கா பஞ்சம்? மாசமாக இருக்கும்போதே ரோஷினி ஸ்காட்லாந்துப் பெயர்களைத் தேடித் தேடி எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டாள். டங்கன், ஃபெர்கஸ், லாக்லன், காலம், ஹேமிஷ். நாகமணி ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, "எதைக் கூப்புட்டாலும் பையன் வரமாட்டான், நாந்தான் மூச்சு வாங்கி உக்காருவேன்" என்று சிரித்தாள்.

ரோரி அந்தப் பட்டியலைத் திரும்பியே பார்க்கவில்லை. அவனுக்கு ஒரே பெயர்தான், ஆங்கஸ். அவர்கள் வழக்கத்தில் மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர். நாலு தலைமுறையாக ஆங்கஸ், ரோரி, ஆங்கஸ், ரோரி என்று மாறி மாறி வருகிறது.

குமாரசாமிக்கும் ஒரே பெயர்தான். தன் அப்பா வேலுச்சாமி. "எனக்குப் பையன் இல்லை. என்ற அப்பன் பேரு என்னோடயே கட்டையில போகோணுமா?" என்று முப்பது தடவையாவது கேட்டிருப்பார். போதாத காலம், போன வாரம் சூப்பர் மார்க்கெட்டில் மாட்டுக்கறிப் பொட்டலத்தில் மாட்டு ஜாதியின் பெயராக ஆங்கஸ் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துவிட்டார். ரிமோட் பறந்தது அன்றைக்குத்தான்.

இனி சனிக்கிழமை காலை, எட்டு மணி.

நாகமணி பின்பக்கத்து பேட்டியோவில், அதாவது திறந்த திண்ணையில், அடுப்பு வைத்து வடை சுட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் எண்ணெய் வாசம் ஏறக் கூடாது என்று இங்கே எல்லோரும் செய்கிற ஏற்பாடுதான். அதனால் பின்கதவு அகலத் திறந்து கிடந்தது. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாலில், தரையில் வைத்த பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் கலந்த பச்சரிசி பரப்பித் தயாராக இருந்தது. பத்தரைக்குச் சடங்கு, இருபது பேர் வருகிறார்கள். அரிசியில் மோதிரத்தால் பெயரை எழுத வேண்டும். பிறகு குழந்தையின் காதில் மூன்று தடவை சொல்ல வேண்டும். சொன்னால் முடிந்தது, அப்புறம் மாற்றக் கூடாது என்பது குமாரசாமி வீட்டு வழக்கம்.

ரோஷினி மாடி பெட்ரூமில் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை அறைச் சத்தத்தைக் கேட்கவைக்கும் பேபி மானிட்டர் கட்டிலில் கிடந்து கரகரத்தது.

"வேலுச்சாமி..."

துண்டு அப்படியே கையில் நின்றது. அப்பாவின் குரல். அதுவும் ரகசியக் குரல். அவள் பிறந்ததிலிருந்து அந்த மனிதர் ரகசியமாகப் பேசி அவள் கேட்டதே கிடையாது.

"வேலுச்சாமி..."

இரண்டு. ரோஷினி ஓடினாள். சிசேரியன் தையல் சுரீரென்று இழுத்தது. இழுக்கட்டும் என்று ஓடினாள். அடுத்த அறையில் அவர் தொட்டிலுக்குள் குனிந்து, மூன்றாவது தடவைக்கு வாயைத் திறந்திருந்தார். அவள் அவர் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டுக் குழந்தையை அள்ளினாள்.

"என்னப்பா பண்றீங்க?"

"என்ற பேரன் காதுல நான் பேசறேன். உனக்கென்ன?"

"பத்தரைக்கு எல்லார் முன்னாடியும் சொல்ல வேண்டியதை இப்படித் திருட்டுத்தனமா சொல்றீங்களே, அசிங்கமா இல்ல?"

'திருட்டு' என்ற சொல்தான் பற்ற வைத்தது. மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் ஃபோர்மேனாக இருந்து, ஒரு முழ வயர்கூட வீட்டுக்கு எடுத்து வராதவர் என்ற பெருமை அவருக்கு. டயபர் மாற்றுகிற மேஜையைக் காலால் ஒரு உதை விட்டார். அது சாய்ந்து, பவுடர் டப்பா வெடித்து, அறையெல்லாம் வெள்ளைப் புகை.

"யாரைப் பாத்துடி திருடன்ங்கற? உன்னைப் பெத்தவன்டி நான்!"

குழந்தை வீறிட்டது. ரோஷினி அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கினாள். பின்னாலேயே அவர் தடதடவென்று வந்தார்.

கராஜிலிருந்து மடக்கு நாற்காலிகளைச் சுமந்து வந்த ரோரி ஹாலில் நின்றான். ரோரிக்குத் தமிழில் நாலைந்து வார்த்தைதான் தெரியும். அவன் பேசுவது ஆங்கிலம், உங்களுக்காக நான் தமிழில் எழுதுகிறேன்.

"என்ன நடந்தது?"

ரோஷினி மூச்சிரைக்கச் சொன்னாள். ரோரி நாற்காலிகளை மெதுவாகக் கீழே வைத்தான்.

"இவன் பெயர் ஆங்கஸ், மாமா. இவனுக்கு அப்பா நான்."

"மாட்டுக்கறி பேரு! மாட்டுக்கறி பேரை என்ற வம்சத்துக்கு வெப்பியா?"

சத்தம் கேட்டு நாகமணி கையில் கண்கரண்டியோடு உள்ளே வந்தாள். நல்லதுக்குத்தான் சொன்னாள் பாவம். "ஏனுங்க, முறைன்னு பாத்தா அப்பன் வழிப் பேருதானுங்களே மொதல்ல? நம்ம ஊர்லயும் அதுதானுங்களே? மாப்பிள்ளை கேக்கறதுல என்னங்க தப்பு?"

"நீ கம்முனு இருடி!"

காலால் ஓங்கித் தாம்பாளத்தை எத்தினார். அது சுழன்று போய் நாகமணியின் முழங்காலுக்குக் கீழே விளிம்போடு மோதியது. 'ணங்' என்ற சத்தமும் அவள் அலறலும் ஒன்றாகக் கேட்டன. மஞ்சள் அரிசி ஹால் முழுக்கச் சிதறியது. புறங்காலில் ரத்தம் வழிய அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"போதும் மாமா" என்றான் ரோரி, தமிழில்.

பளார்!

ரோரி ஆறடி இரண்டங்குலம். நினைத்திருந்தால் அந்தக் கையை ஒரு விரலால் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் தொங்கவிட்டு நின்றான். அடி வாங்கிப் பழகினவன்தான் அப்படி நிற்பான்.  நாலு வருஷமாக ரோஷினி இவனோடு வாழ்கிறாள், இந்த நிற்பை ஒரு நாளும் பார்த்ததில்லை.

குமாரசாமிக்கு வெறி ஏறிவிட்டது. எதிர்க்காதவனைக் கண்டால் சிலருக்குக் கை தானாக நீளும், அந்த ரகம் அவர். தரையில் விழுந்த அரிசியை ஒரு கை அள்ளி ரோரியின் முகத்தில் எறிந்தார். மறுபடி கையை ஓங்கினார். ரோஷினி குறுக்கே புகுந்தாள்.

அடி அவள் கன்னத்தில் விழுந்தது. அவள் தோளில் குழந்தை. அடித்த கைக்கும் குழந்தையின் உச்சந்தலைக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிகூட இல்லை.

 

அடுத்த நொடி ரோரி பாய்ந்தான். குமாரசாமியின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்து, ஆளையே தூக்கிச் சுவரில் சாத்தினான். மாட்டியிருந்த கல்யாண போட்டோ விழுந்து நொறுங்கியது. அவர் கழுத்து நரம்பு புடைத்தது, கண் பிதுங்கியது, கால் விரல்கள் தரையைத் தேடின. ரோரி வலது கையை முஷ்டியாக்கி ஓங்கினான்.

"ரோரி! வேண்டாம்!"

முஷ்டி இறங்கியது. அவர் காதுக்கு ஒரு அங்குலம் தள்ளிச் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனது. அமெரிக்கச் சுவர்தானே, அட்டையும் சுண்ணாம்பும். உள்ளேயிருந்த மரச்சட்டத்தில் எலும்பு மோதிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. கையை வெளியே எடுத்தபோது விரல் முட்டி நாலிலும் தோல் பிய்ந்து தொங்கியது.

ரோரி அந்தக் கையைப் பார்த்தான். யாரோ வேறொருவன் கையைப் பார்ப்பதுபோல் பார்த்தான். காலரை விட்டான். குமாரசாமி சுவரோடு சறுக்கி உட்கார்ந்து இருமினார். ரோரி மாடிக்குப் போனான். குழந்தையின் அறைக் கதவு சாத்திக்கொண்டது.

சமையலறையில் நாகமணி நொண்டிக்கொண்டே ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றி மகளின் கன்னத்தில் வைத்தாள். நாலு விரலும் பதிந்திருந்தன. மஞ்சள் அரிசி ஒன்று தாடையில் ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டாள்.

"ஆராச்சும் கேட்டா, கதவு இடிச்சுருச்சுன்னு சொல்லிக்கலாம் சாமி."

ரோஷினி ஐஸை விலக்கினாள். "நம்ம கோபி குவார்ட்டர்ஸ்ல மொத்தமே ரெண்டு கதவுதானேம்மா இருந்துச்சு. ரெண்டு கதவு எத்தனை தடவைம்மா உன்னை இடிக்கும்?"

நாகமணி சுட்டு வைத்த வடைகளை டப்பாவில் அடுக்க ஆரம்பித்தாள். அவள் இடது கைச் சுண்டுவிரல் எப்போதும்போல் மடங்காமல் விறைத்து நின்றது.

"அடுத்த மாசம் எங்க கிரீன் கார்டு இன்டர்வியூ" என்றாள் கடைசியில். "நீதான அப்ளை பண்ணுன. இப்பப் போயி இதைப் பெருசு பண்ணாத. அடிக்கிற கைதான் அணைக்கும்னு சொல்லுவாங்க."

"அணைக்கட்டும்மா. முதல்ல அடிக்காம அணைக்கட்டும். உனக்கு நாப்பது வருஷமா அந்த ரெண்டாவது பாதி வந்துச்சா?"

"அவரு மட்டும் என்ன பண்ணுவாரு? உங்க தாத்தன் வேலுச்சாமி சாட்டைவாரை எடுத்தா, அவரு முதுகு உரிஞ்சாத்தான் கீழ வெப்பாராமா. இன்னிக்கும் உங்கப்பன் சட்டையைக் கழட்டுனா முதுகுல அந்தத் தழும்பு தெரியும். நாந்தான எண்ணெய் தேச்சு விடறேன்."

"அவர் பேரையா என் பையனுக்கு வைக்கணும்னு நிக்கறார்?"

"அப்பனாச்சே" என்றாள் நாகமணி.

ரோஷினியின் நைட்டிப் பாக்கெட்டில் மானிட்டர் கரகரத்தது. ஓடும்போது கையோடு எடுத்துப் போட்டிருந்தாள். மாடியில் ரோரி போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"ஹேமிஷ் மாமா... ஆமாம், நான்தான். இன்றைக்கு நான் ஒரு கிழவனைக் கொன்றிருப்பேன். ஒரு அங்குலம் தள்ளி விழுந்தது. அப்பாவின் கை, மாமா. என் மணிக்கட்டில் அப்பாவின் கை முளைத்திருக்கிறது." குரல் உடைந்தது. "ரோஷினி குறுக்கே வந்து நின்றாள். அன்றைக்கு நீங்கள் வாசலில் நின்றீர்களே, அப்படி."

ரோஷினி குழந்தையோடு மாடி ஏறினாள். தையல் விண்விண் என்று தெறித்தது. ரோரி சிந்திக் கிடந்த பவுடருக்கு நடுவில் தரையில் உட்கார்ந்திருந்தான். கையில் சுற்றிய துண்டு சிவந்திருந்தது.

"உன் புருவத் தழும்பு ஃபுட்பால் ஆடும்போது விழுந்ததுன்னு சொன்னே."

"பொய்."

"வலது கை கொஞ்சம் கோணலா இருக்கே, மரத்துலேர்ந்து விழுந்ததுன்னு சொன்னே."

"எனக்கு அப்போது ஒன்பது வயது. பாலைக் கொட்டிவிட்டேன். அப்பா கையை முறுக்கினார். அடுத்து பெல்ட்டை எடுத்தார். என் அம்மாவின் அண்ணன் ஹேமிஷ் அன்றைக்கு வீட்டில் இருந்தார். கதவை மறித்து நின்றுகொண்டு, எனக்கு விழ வேண்டியதையெல்லாம் அவர் வாங்கினார். பக்கிள் பட்டு முன்பல் இரண்டு போயின. திருப்பி ஒரு கை ஓங்கவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்பிடலுக்கு ஓடினார்."

"அப்புறம் எதுக்கு அந்த ஆங்கஸ் பேர்? சொல்லு ரோரி, எதுக்கு?"

அவன் குழந்தையின் பாதத்தை விரலால் தொட்டான். "எனக்கு வாய்த்த அப்பா அவர் ஒருவர்தான். அன்பு காட்ட ஒரு ஆங்கஸ் எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். இவன் வளர்ந்தால் அந்தப் பெயர் சுத்தமாகிவிடும் என்று நினைத்தேன்."

ரோஷினிக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. கீழே ஒருவர் சாட்டையால் அடித்தவன் பெயருக்காக நிற்கிறார். இங்கே ஒருவன் கையை முறுக்கினவன் பெயருக்காக நிற்கிறான். நடுவில் பதினோரு நாள் குழந்தை.

"யார் பாவத்தையும் கழுவறதுக்கு நான் இவனைப் பெக்கல" என்றாள். "ஆங்கஸும் வேண்டாம், வேலுச்சாமியும் வேண்டாம். நான் ஒரு பேர் சொல்லுவேன். நீ..."

வாசல் மணி அடித்தது. விருந்தாளிகள் சீக்கிரம் வந்துவிட்டார்கள்போல என்று நினைத்தபடி இறங்கி வந்து கதவைத் திறந்தாள்.

விருந்தாளி இல்லை. ஒரு பெண் போலீஸ், பின்னால் ஒரு ஆண் போலீஸ். அந்தத் திறந்த பின்கதவு சொன்னேனே, அதன் வழியாக எல்லாச் சத்தமும் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவர்கள் போலீஸுக்குப் போன் போட்டுவிட்டார்கள்.

பெண் போலீஸ் ரோஷினியின் கன்னத்தைப் பார்த்தாள். ஹாலில் சிதறிய அரிசி, நொறுங்கிய கண்ணாடி, சுவரில் ஓட்டை, நாகமணியின் காலில் உறைந்த ரத்தம் எல்லாவற்றையும் பார்த்தாள். கடைசியாக, மாடிப்படியில் ரத்தத் துண்டு சுற்றிய கையோடு இறங்கிவரும் ரோரியைப் பார்த்தாள். கணக்குச் சரியாகிவிட்டது அவளுக்கு.

"சார், கொஞ்சம் வெளியே வாருங்கள்" என்றான் ஆண் போலீஸ். அவன் கை இடுப்பு விலங்குக்குப் போயிருந்தது.

ரோரி மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, அதே நிற்பு, வாசல் தாண்டிப் போய் நின்றான். குமாரசாமி சோபா ஓரத்தில் கழுத்தைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வாயே திறக்கவில்லை. மாப்பிள்ளை கையில் விலங்கு விழப்போகிறது என்று தெரிந்தும் திறக்கவில்லை. அவரை நான் எப்படி மன்னிப்பது, நீங்களே சொல்லுங்கள்.

பெண் போலீஸ் நோட்டை எடுத்தாள். "வீட்டில் இருப்பவர்கள் பெயரெல்லாம் வேண்டும். குழந்தையின் பெயர்?"

"ஒரு நிமிஷம்" என்றாள் ரோஷினி.

வாசல்படியிலேயே நின்று, தலையைக் குனிந்து, குழந்தையின் காதில் உதட்டை வைத்தாள்.

"ஹேமிஷ். ஹேமிஷ். ஹேமிஷ்."

மூன்று. முடிந்தது. மந்திரம் இல்லை, மோதிரம் இல்லை, சிந்தின அரிசி காலடியில் கிடந்தது. வெளியே ரோரி சட்டென்று தலையைத் தூக்கினான். அவன் முகம் கோணியது, குழந்தைபோல் விசும்பி அழுதான், அழுதுகொண்டே தலையாட்டினான். கீழே உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த நாகமணி, "ஏமிசு" என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். மூச்சு வாங்கவில்லை.

"ஹேமிஷ்" என்றாள் ரோஷினி, பெண் போலீஸிடம். "எழுதிக்கோங்க. என் கணவரோட தாய்மாமன் பேர்."

அவள் எழுதிக்கொண்டாள். "உங்களை அடித்தது யார்?"

ரோஷினி வாயைத் திறப்பதற்குள் நாகமணி விழுந்தடித்து எழுந்தாள். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அத்தனையும் திரட்டிச் சொன்னாள்.

"டோர்! டோர் ஹிட், மேடம்! டோர்!"

குமாரசாமியின் தோள் தளர்ந்தது. ஒரு பெருமூச்சு விட்டார். அந்த நிம்மதியை ரோஷினி பார்த்துவிட்டாள். சின்ன வயதில் எத்தனையோ சாயங்காலம், பக்கத்து வீட்டுக்காரர்கள் போனபிறகு பார்த்த அதே நிம்மதி.

"கதவு இல்ல" என்றாள் ரோஷினி. "என் கணவரும் இல்ல. அவர் சுவரைத்தான் அடிச்சார். என்னை அடிச்சது எங்க அப்பா. அம்மா காலும் அவர் உதைச்ச தட்டு பட்டுதான் கிழிஞ்சுது. அதோ உக்காந்திருக்கார். உள்ளங்கையைப் பாருங்க, மஞ்சள் அரிசி ஒட்டியிருக்கும்."

"அடிப்பாவி!" நாகமணி வாயில் அறைந்துகொண்டாள். "பெத்த அப்பனையாடி காட்டிக் குடுக்கற?"

ஆண் போலீஸ் ரோரியை விட்டுவிட்டு உள்ளே வந்தான். "எழுந்திருங்கள், சார். கையைப் பின்னால் கொண்டுவாருங்கள்." கிளிக். அந்தச் சத்தத்துக்குக் குமாரசாமி சாட்டை பட்டதுபோல் துள்ளினார். மகளைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். திட்டவில்லை.  அறுபத்தாறு வயது மனிதர், அந்த நிமிஷம் முதுகைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி ஒளித்துக்கொள்ளப் பார்த்தார்.

பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.  ஆனாலும் ரோஷினி சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை.

பெண் போலீஸ் அடுத்த கேள்விக்கு வந்தாள். "இவர் இதற்கு முன்னால் யாரையாவது அடித்திருக்கிறாரா?"

 அது ரோஷினி சொல்ல வேண்டிய பதில் இல்லை. தாயிடம் திரும்பித் தமிழில் சொன்னாள்.

"அம்மா. உன்னைத்தான் கேக்கறாங்க."

நாகமணி புருஷனைப் பார்த்தாள். "நாகு..." என்றார் அவர், மன்றாடுகிற குரலில். நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டார். அவள் பேரனைப் பார்த்தாள். பொறுக்கின அரிசியைத் தாம்பாளத்தில் போட்டுவிட்டு, சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"ரோஷினி, நான் சொல்றதை அந்தம்மாவுக்கு இங்கிலீஷ்ல சொல்லு" என்று, மடங்காத இடது கைச் சுண்டுவிரலை நீட்டினாள்.